கிலுக்குச் செடிக்கு அனுமதி கிடைத்த கதை

புல்வெளி மீட்பு வாரியம் ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அது மீட்ட புல்வெளிகள் எத்தனை என்று ஆண்டறிக்கையைப் புரட்டினால் கிடைக்காது. மீட்பதற்காக நடத்திய கூட்டங்கள் எத்தனை என்று கிடைக்கும், படத்தோடு.

வாரியத்திடம் நாற்பது ஏக்கர் நிலம் இருக்கிறது. முன்னொரு காலத்தில் உரத்தைக் கொட்டிக் கொட்டிக் கொழுக்க வைத்த வயல் அது. அதை நூறு வகைச் செடியும் பூவும் கலந்து நிற்கும் பழைய காலத்துப் புல்வெளியாக மாற்றத்தான் வாரியத்தையே தொடங்கினார்கள். இன்றைக்கு அங்கே இருப்பது ஒரே ஒரு வகைப் புல். முழங்கால் உயரத்துக்கு, நெருக்கியடித்துக்கொண்டு, வேறு எதையும் தலை தூக்க விடாமல் நிற்கிறது. வாரியம் அதற்கு 'முதல் கட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறது.

முதல் ஆறு வருடம், விதைகள் தாமாகவே வந்து சேரும் என்று காத்திருந்தார்கள். காத்திருப்பதற்கென்றே எட்டுப் பேர் கொண்ட ஒரு பிரிவு இருந்தது. காற்று விதையைக் கொண்டு வரும், பறவை கொண்டு வரும், ஆட்டின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு வரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது உண்மைதான். ஆனால் கண்ட கண்ட விதையும் உள்ளே நுழைந்துவிடக் கூடாதே! அதனால் நிலத்தைச் சுற்றிச் சன்னக் கண் வலையை ஆறடி உயரத்துக்குக் கட்டினார்கள். ஆடு வரக் கூடாதென்று பள்ளம் வெட்டினார்கள். முறையாக வரும் விதைகளுக்காக வாசலில் ஒரு காவலாளியையும் வருகைப் பதிவேட்டையும் வைத்தார்கள். ஆறு வருடத்தில் பதிவேட்டில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. விதைகளிடம் பரவும் மனப்பான்மை குறைந்து வருவதாக அந்த ஆண்டறிக்கை கவலை தெரிவித்தது.

அதன் பிறகு விதைகளை வாங்கித் தூவ ஆரம்பித்தார்கள். முப்பத்தாறு வகை. எல்லாம் பட்டியலில் ஏறியவை, முத்திரை குத்தியவை. தூவியதெல்லாம் முளைத்தது, புல்லுக்கு அடியில் வெளிச்சம் கிடைக்காமல் செத்தது. மறு வருடம் மறுபடி தூவினார்கள். தூவியவர் தும்மல்.

தும்மல் என்பது பெற்றோர் வைத்த பெயரில்லை. வாரியத்தின் ஒரே நிரந்தரக் களப்பணியாளர் அவர். புல் பூத்தால் போதும், காலையில் தொடங்கும் தும்மல் மாலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் வரை நிற்காது. ஊரிலேயே புல் ஒத்துக்கொள்ளாத ஒரே மனிதரைத் தேடிப் பிடித்துப் புல்வெளியில் வேலைக்குப் போட்டிருந்தது வாரியம். ஓய்வு பெற அவருக்கு இரண்டு மாதம் இருந்தது.

பேருந்துப் பணிமனையில் பயணச்சீட்டுக் கணக்குப் பார்க்கும் அவர் மனைவி ஒரு நாள் சாதாரணமாகத்தான் கேட்டாள். "பத்தொன்பது வருஷமா மூக்க சிந்திக்கிட்டு வந்து நிக்கறீங்க. நீங்க வளர்த்த பூவுன்னு ஒண்ணு, ஒரே ஒண்ணு, எனக்குக் காட்டுங்களேன் பாப்போம்."

அவரால் காட்ட முடியவில்லை. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனிதன் தன் ஆயுளில் பாதியை எங்கே கொண்டுபோய்க் கொட்டினான் என்று கேட்டால் சுட்டிக்காட்ட ஓர் இடம் வேண்டாமா?

இடம் கிடைத்தது. அதுவும் மனைவியின் பணிமனைக்குப் பின்னால். மதில் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே, இரண்டு பேருந்தை நிறுத்தும் அளவுக்கு ஒரு நிலத்துண்டு, யார் கண்ணிலும் படாமல் தப்பித்துக் கிடந்தது. உரம் கண்டதில்லை, மருந்து கண்டதில்லை. மஞ்சள், ஊதா, வெள்ளை என்று அங்கே பூக்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. மனைவியின் வேலை முடியக் காத்திருக்கும் நேரத்தில் தும்மல் நாள் தவறாமல் அங்கே குத்த வைத்து உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அங்கே ஒரு குட்டைச் செடி இருந்தது. முற்றிய காயை ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலு என்று சத்தம் போடும். கிலுக்குச் செடி என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார். மண்ணைத் தோண்டிப் பார்த்தால், அதன் வேர் பக்கத்துப் புல்லின் வேரைக் கவ்விப் பிடித்துச் சத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அது நிற்கும் இடத்தில் புல் மெலிந்து போனது. புல் மெலிந்த இடத்தில் மற்ற செடிகளுக்கு வெளிச்சம் கிடைத்தது.

வாரியத்தின் முப்பத்தாறு வகையும் ஏன் வருடா வருடம் சாகின்றன என்று தும்மலுக்கு அந்த நிமிடம் விளங்கிவிட்டது. பத்தொன்பது வருடமாக அங்கே இல்லாமல் போனது இந்த ஒரு செடிதான்.

விளங்கிய அதே வாரம், அந்த நிலத்துண்டில் வாரியத்தின் புது ஜீப்புகள் நிற்பதற்குக் கான்கிரீட் போட உத்தரவு வந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் புருஷனும் பெண்டாட்டியும் குனிந்த முதுகு நிமிராமல் கிலுக்கு விதை பொறுக்கினார்கள். திங்கள்கிழமை கான்கிரீட் போட்டார்கள். இந்த விதை அடுத்த வருடம் வரை தாங்காது, மழைக்கு முன்னால் மண்ணில் விழுந்தாக வேண்டும். மழைக்கு ஐந்து வாரம் இருந்தது. அடுக்களை மேசையில் கொட்டி எண்ணினார்கள். ஆயிரத்து அறுநூற்று முப்பது விதை. ஒரு பிஸ்கட் டப்பாவின் அடியைத்தான் மறைத்தது.

"பேசாம போய் தூவிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"பட்டியல்ல இல்லாத செடி முளைச்சா களைன்னு சொல்லி அடுத்த மாசமே மருந்தடிச்சிடுவாங்க."

"யாரு வந்து அடிக்கப் போறா?"

"நான்தான். மருந்தடிக்கறதும் என் வேலைதான்."

"அப்போ ஒரு பிடியாவது வீட்டுல எடுத்து வைங்க."

அதற்கும் வழியில்லை. விண்ணப்பதாரரிடம் கணக்கில் வராத விதை ஒன்று இருந்தாலும் அந்தச் செடிக்கு நிரந்தரத் தடை என்று விதி. தும்மல் டப்பாவை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு விதை நுழைவுப் பிரிவுக்குப் போனார்.

அங்கே இருந்த எழுத்தர் நல்லவர். யாரையும் திட்ட மாட்டார், யாருக்கும் எதையும் செய்யவும் மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். படிவத்தை எடுத்தார்.

"பரவும் முறை?"

"புரியல சார்."

"விதை எப்படி வந்துச்சு? காத்துல வந்துச்சா, தண்ணில வந்துச்சா, பறவை கொண்டாந்துச்சா, விலங்கு கொண்டாந்துச்சா?"

"நான்தான் சார் கொண்டாந்தேன். டப்பாவுல."

எழுத்தர் படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். "நீங்கன்னு ஒரு கட்டம் இல்லையே."

"கீழ ஒண்ணு எழுதிக்கலாமே சார்."

"அச்சடிச்ச படிவத்துல கை வைக்கக் கூடாதுங்க. நாலுல ஒண்ணு சொல்லுங்க. நீங்க காத்தா?"

"இல்ல சார்."

"தண்ணியா?"

"இல்ல."

"பறப்பீங்களா?"

தும்மல் பதில் சொல்ல வாயைத் திறந்து, தும்மினார்.

"அப்போ விலங்கு" என்று எழுத்தர் கட்டத்தில் குறி போட்டார். "விலங்கு மூலமா வர்ற விதைக்கு, அந்த விலங்குக்குக் கால்நடை மருத்துவர் சான்று வேணும். அசல் ஒண்ணு, நகல் மூணு."

கால்நடை மருத்துவமனையில் ஒரு கன்றுக்குட்டிக்கும் ஒரு சினை ஆட்டுக்கும் நடுவே தும்மல் மூன்று நாள் வரிசையில் நின்றார். இரண்டு நாள் மருத்துவர் வரவில்லை. மூன்றாம் நாள் வந்த மருத்துவர் காகிதத்தைப் படித்துவிட்டு அவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"வேற எங்கிருந்தாவது வந்திருந்தா சிரிச்சிருப்பேன். வாரியமா? போன வருஷம் ஒரு காவலாளிய அனுப்பினாங்க. சரி, வாயத் திறங்க."

வாயைத் திறந்தார். பற்களை எண்ணினார்கள். காதைத் தூக்கிப் பார்த்தார்கள். சான்றில் மருத்துவர் இப்படி எழுதினார்: 'குளம்பு நோய் இல்லை. உண்ணி இல்லை. சாதுவானது. பிற விலங்குகளோடு சேர்த்து மேய்க்கலாம்.' தும்மலுக்கு அவமானத்தில் காது சிவந்தது. ஆனால் நகல் எடுக்கும் கடைக்கு ஓட்டமாகத்தான் ஓடினார், ஏனென்றால் ஒரு வாரம் போய்விட்டிருந்தது.

அடுத்தது வகைத் தேர்வுக் குழு. இயக்குநர் தலைமை. நீள மேசை, பதினோரு பேர், பதினோரு தண்ணீர் பாட்டில். தும்மல் கடைசியில் நின்றபடி கிலுக்குச் செடி என்ன செய்யும் என்று தனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார். புல்லின் வேரைப் பிடித்து உறிஞ்சும் என்ற இடத்தில் இயக்குநரின் முகம் மாறியது. அவர் எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் ஒருவர் நாற்காலியைப் பின்னால் இழுத்தார், ஒருவர் மூக்குக்கண்ணாடியை நீட்டினார், ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"உறிஞ்சுமா?" என்றார் இயக்குநர். "நின்ன இடத்துல நின்னுக்கிட்டு, ஒரு வேலையும் செய்யாம, கீழ இருக்கறவன் சத்த உறிஞ்சியே பசுமையா வாழற ஒரு ஜீவனுக்கு இந்த வாரியத்துல இடம் குடுக்க என் மனசாட்சி இடம் தரல." தேநீருக்குக் கையை நீட்டினார். கோப்பை வந்தது. ஒரு வாய் குடித்தார். "அதோட, அது நம்ம புல்ல குறைக்கும்னு வேற சொல்றார். பத்தொன்பது வருஷத்துல நாம வளர்த்து ஆளாக்கின ஒரே செடி அந்தப் புல். அதையும் குறைச்சிட்டா ஆண்டறிக்கைல எதப் படம் போடுவீங்க? சில பேர் அவசரப்படறாங்க. சீக்கிரம் புல்வெளி வரணும், சீக்கிரம் புல்வெளி வரணும்னு. சரி, வந்துடுச்சுன்னே வைங்க. அப்புறம்? மீட்டாச்சுன்னா மீட்பு வாரியம் எதுக்குன்னு ஒருத்தன் கேக்க மாட்டானா? நிதானம்தான் நம்ம கொள்கை."

பத்துப் பேரும் கை தட்டினார்கள். அவருக்கு வழக்கமாக உரை எழுதிக் கொடுப்பவர் கொஞ்சம் கூடுதலாகத் தட்டினார்.

தும்மல் ஓர் அடி முன்னால் வந்தார். "சார், உங்க கால்ல வேணாலும் விழறேன். அது இருந்த இடத்துல இப்ப உங்க ஜீப் நிக்குது சார். இந்த டப்பால இருக்கறதுதான் மிச்சம். இது போச்சுன்னா அவ்வளவுதான் சார்."

"இதுதான் மிச்சமா?" இயக்குநர் மெல்ல உட்கார்ந்தார். "அப்போ இது அரிய வகை ஆச்சே! அரிய வகைக்கு ஆண்டறிக்கைல தனிப் பக்கம் உண்டு. வழவழ தாள்." அரை நிமிடத்தில் மனசாட்சி இடம் கொடுத்துவிட்டது. விதையைப் பரிசோதனைக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டார். தும்மல் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். சந்தோஷத்தில்தான்.

ஆய்வகத்தில் ஒரு பெண் இருந்தாள். தும்மலை அண்ணா என்று கூப்பிடும் ஒரே ஜீவன் அந்தக் கட்டடத்தில் அவள்தான். டப்பாவைக் கொட்டி, சின்ன இடுக்கியால் எண்ண ஆரம்பித்தாள்.

"நாலு சோதனை அண்ணா. ஒவ்வொண்ணுக்கும் நானூறு. தூய்மைப் பிரிவுல ஒவ்வொரு விதையையும் ரெண்டா வெட்டி உள்ள என்ன இருக்குன்னு பாப்பாங்க. ஈரப்பதப் பிரிவுல மாவா அரைச்சு அடுப்புல காய வைப்பாங்க. நோய்ப் பிரிவுல மருந்துத் தண்ணில வேக வைப்பாங்க. நான் ஈரக் காகிதத்துல முளைக்கப் போடுவேன்."

"எல்லாம் சேத்து ஆயிரத்து அறுநூறா?"

"ஆமா அண்ணா."

"என்கிட்ட ஆயிரத்து அறுநூத்தி முப்பதுதானம்மா இருக்கு. கொஞ்சம் கம்மியா எடுத்துக்கக் கூடாதா?"

"கம்மியா எடுத்தா விதை நல்லதா இல்லையான்னு உறுதியா சொல்ல முடியாதாம். நல்லதுன்னு தெரியாத விதைய எப்படி விதைக்கறதுன்னு கேக்கறாங்க."

தும்மல் மனதுக்குள் கணக்குப் போட்டார். முப்பது மிஞ்சும். முப்பது செடி நின்றால் அடுத்த வருடம் முந்நூறு. போதும். தாராளமாகப் போதும். நாலு குவியலும் நாலு உறைக்குள் போயின. மிஞ்சிய முப்பதும் வெள்ளைத் தாளின் நடுவே கிடந்தன. தாளை மடிக்கக் குனிந்தவருக்கு மூக்கு அரித்தது. உதட்டைக் கடித்தார். மூச்சைப் பிடித்தார். மூக்கைத் திருகிப் பிடித்தார். பத்தொன்பது வருடமாக யாருக்கும் கட்டுப்படாத மூக்கு அன்றைக்கு மட்டும் கட்டுப்படுமா?

பன்னிரண்டு விதை பறந்தது. அலமாரிக்கு அடியில் தேடினார்கள், காற்றுப் போக்கிக்குள் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் விஷயம் மேலே போய், மேலிருந்து ஆள் வந்து, மிச்சப் பதினெட்டு விதையையும் சான்றுப் பொருள் என்று அரக்கு வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். குற்றச்சாட்டு: அனுமதியற்ற விதைப் பரவல். விசாரணை முடிய இரண்டு வருடம் ஆகலாம் என்றார்கள். குறிப்பாணையில் 'மேற்படி விலங்கு' என்றே குறிப்பிட்டிருந்தார்கள். அந்த அளவுக்கு அவருடைய கோப்பு ஒழுங்காக இருந்தது.

அவர் சுவரில் சாய்ந்து நின்றார். ஆய்வகப் பெண்தான் பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னாள். "அண்ணா, முளைக்கப் போடற நானூறு என்கிட்டதானே இருக்கு? முளைச்சதும் எண்ணி எழுதிட்டா என் வேலை முடிஞ்சுது. நாத்தா எடுத்துட்டுப் போயிடுங்க."

பத்தாம் நாள் ஈரக் காகிதத்தில் விதைகள் வெடித்தன. பன்னிரண்டாம் நாள் பச்சை எட்டிப் பார்த்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று தும்மல் தினமும் பார்த்துவிட்டுப் போனார். மனைவியையும் ஒரு நாள் கூட்டி வந்து காட்டினார். "இத்துனூண்டா இருக்கே" என்றாள் அவள், ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். முடிவு எழுதி, சான்று வந்து, மழைக்குள் நட வேண்டுமே என்று அவர் பதறினார். முடிவை விரைவாகத் தரச் சொல்லி இயக்குநருக்கு ஒரு மனுப் போட்டார். பதில் இல்லை. இன்னொன்று போட்டார். ஐந்தாவது மனுவில், மிக மிக அவசரம் என்று சிவப்பு மையால் அடிக்கோடு போட்டார்.

முடிவு வந்துவிட்டது என்று ஒரு காலையில் ஆள் வந்து சொன்னான். தும்மல் அகலத் தட்டு ஒன்றில் ஈரத்துணி விரித்து எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினார். மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். ஆய்வக மேசை துடைத்து விட்டது போலச் சுத்தமாக இருந்தது. அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கம்மா நாத்து?"

"காலைல கொதி தண்ணில போட்டுட்டாங்க அண்ணா."

"யாரு?"

"முடிவு எழுதினதும் சோதிச்சத அழிச்சிடணும்னு விதி. யாரும் கண்டுக்கமாட்டாங்க, மாசக்கணக்கா அப்படியே கெடக்கும். அத நம்பித்தான் உங்ககிட்ட சொன்னேன். ஆனா..." அவள் ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். உள்ளே ஐந்து மனுக்கள். எல்லாவற்றுக்கும் மேலே இயக்குநர் கையால் எழுதியிருந்தார்: 'களப்பணியாளர் மிகவும் வருந்திக் கேட்கிறார். ஒரு நிமிடமும் தாமதமின்றி எல்லா நடவடிக்கைகளையும் இன்றே முடிக்கவும்.'

தும்மல் தட்டைக் கீழே வைத்தார். மனைவி ஏதோ கேட்டாள், அவர் காதில் விழவில்லை.

சான்றிதழ் மட்டும் அழகாக இருந்தது. நானூறில் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு முளைத்தன, வாரியத்தின் வரலாற்றில் இவ்வளவு வீரியமான விதையைக் கண்டதில்லை, உடனே விதைக்கலாம் என்று கெட்டித் தாளில் அச்சடித்து முத்திரை குத்தியிருந்தார்கள். நுழைவுப் பிரிவு எழுத்தர் அதை நீட்டிவிட்டு, கை குலுக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"ஏழு நாளைக்குள்ள தூவிடணும். இல்லேன்னா அனுமதி காலாவதி. பட்டியல்லேர்ந்து பேர எடுத்துடுவாங்க, அப்புறம் எந்தக் காலத்துலயும் ஏத்த முடியாது."

"விதையே இல்ல சார்."

"அதச் சொல்ல இதுல கட்டம் இல்லைங்க."

மூன்றாம் நாள் தும்மல் மனைவியிடம் சொன்னார். "எங்கயாவது வேற ஒரு மதிலுக்குப் பின்னால, வேற ஒரு சாக்கடை ஓரத்துல, இந்தச் செடி இருக்காதுன்னு சொல்ல முடியுமா? என்னிக்காவது யாராவது கண்டுபிடிச்சு கொண்டாருவாங்க. அன்னிக்கு இதோட பேர் பட்டியல்ல இருந்துதுன்னா, அவங்க இந்தப் பாடெல்லாம் படாம நேரா தூவலாம் இல்லையா?"

"அதுக்கு?"

"பேர காப்பாத்தணும். அது ஒண்ணுதான் இப்ப என் கையில இருக்கு."

ஏழாம் நாள் காலை அவர் நாற்பது ஏக்கருக்குப் போனார். மனைவியை வாசலில் நிறுத்திவிட்டார்கள், அவளுக்குக் கால்நடைச் சான்று இல்லை. வலைக்கு வெளியே நின்றாள். எழுத்தர் குடையும் பதிவேடுமாக ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தும்மல் தோளில் காலிப் பையை மாட்டிக்கொண்டு, அதற்குள் கையை விட்டு, ஒன்றுமில்லாததை அள்ளி, புல்லின் மேல் வீசினார். ஓர் அடி வைத்து மறுபடி அள்ளி வீசினார்.

"கொஞ்சம் தாராளமா வீசுங்க" என்று எழுத்தர் குரல் கொடுத்தார். "அந்த வரப்பு ஓரம் விட்டுப்போச்சு பாருங்க."

திரும்பிப் போய் வரப்பு ஓரத்தில் வீசினார். வெயில் ஏறியது. தும்மினார், மூக்கைத் துடைத்தார், வீசினார். நடுவில் எப்போதோ அழ ஆரம்பித்திருந்தார். நடையை மட்டும் நிறுத்தவில்லை. ஓர் இடம் விடுபட்டாலும் பெயர் போய்விடும் என்ற பயத்தில் புல்லை விலக்கி விலக்கி மண்ணில் படும்படி வீசினார். எழுத்தர் நாற்காலியை நிழலுக்கு நிழல் நகர்த்திக்கொண்டு கூடவே வந்தார். கடைசி மூலைக்கு வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

எழுத்தர் பதிவேட்டில் எழுதி, மை காய ஊதினார். தும்மல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"சார், இனிமே யாராவது இந்த விதையக் கொண்டாந்தா நேரா தூவலாம்ல?"

"இனிமே எதுக்குங்க? நாப்பது ஏக்கர்லயும் விதைச்சாச்சே. அரிய வகைய ஒரே ஒரு தடவைதான் விதைக்கலாம், மறுபடியும் அனுமதி கெடையாது. யார் கொண்டாந்தாலும் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவோம்."

தும்மல் பாய்ந்து வந்து பதிவேட்டின் மேல் கையை வைத்தார். "சார், அத அடிச்சிடுங்க சார். என் கையில ஒண்ணுமே இல்ல சார். நான் வெறும் கையத்தான் வீசினேன். விதைக்கலன்னு எழுதுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எழுத்தர் அவர் கையை மெல்ல எடுத்துவிட்டு, பதிவேட்டை மூடினார். அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"அப்படி எப்படிங்க எழுதறது? காலைலேர்ந்து கூடவே இருந்து என் கண்ணால பாத்தேனே. ஒரு மூலை விடாம தூவினீங்க. சும்மா சொல்லக் கூடாது, ரொம்ப நல்லாவே தூவினீங்க."